குறட்டைக்குப் பல்லில் மாட்டும் கருவி போதுமா?

கேள்வி: என் கணவர் நித்திரையில் பலமாகக் குறட்டை விடுவதோடு, இடையிடையே மூச்சு நின்று திணறி விழிக்கிறார். பகலில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் கண் சொக்குவதாகச் சொல்கிறார். பல்லில் மாட்டும் கருவி ஒன்று போதும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். நீங்கள் விவரிப்பது வெறும் குறட்டையாகத் தெரியவில்லை. நித்திரையில் 10 வினாடிக்கும் மேலாக மூச்சு நின்றுபோகும் நோயாக இருக்கக்கூடும் என்பதால், முதலில் வைத்தியரிடம் காட்டி நித்திரைப் பரிசோதனை செய்விக்க வேண்டும். மணிக்கு 5 முதல் 14 தடவை மூச்சு தடைப்பட்டால் இலேசான நிலை, 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான நிலை.

நீங்கள் கேட்கும் கருவி கீழ்த்தாடையைச் சில மில்லிமீற்றர் முன்னே இழுத்துப் பிடிப்பதால், நாக்கு பின்னே சரியாமல் தொண்டை வழி திறந்திருக்கும். குறட்டைக்கும் இலேசான, நடுத்தர நிலைகளுக்கும் இது நன்றாகவே உதவும். கடுமையான நிலையில் மூக்கின் வழியே காற்றை அழுத்தித் தரும் சீபாப் இயந்திரமே முதல் தெரிவு. கருவியைத் தாங்கப் போதிய உறுதியான பற்களும் வேண்டும். வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் மலிவான கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பல் வைத்தியர் அளவெடுத்துச் செய்வதிலும் தாடை வலி, உமிழ்நீர்ப் பெருக்கு, ஆண்டுக்கணக்கில் அணிந்தால் மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம் மாறுதல் ஆகியவை நேரலாம்.

பரிசோதனை முடியும்வரை அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டாதிருக்கட்டும். இரவில் மதுவும், வைத்தியர் சொல்லாத தூக்க மாத்திரையும் வேண்டாம்.