இஃபுகாவ் படி வயல்கள்: கேள்வி பதில்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு, கோர்டில்லெரா மலைகள், இஃபுகாவ் மாகாணம். அங்கே மலைச்சரிவில் கல்கட்டு எழுப்பி நெல் விளைவிக்கும் முறை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். தங்குமிடம், வண்டி வாடகை பற்றிக் கேட்டவர்கள் பயணப் பகுதியில் கேளுங்கள்.

கேள்வி: சரிவில் தண்ணீர் தேக்கினால் சுவர் தள்ளிக்கொண்டு போகாதா?

தண்ணீரைத் தாங்குவது சுவர் அல்ல, களிமண் தளம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் புரியும். அடியில் பெரிய அடிக்கல். அதன் மேல் கற்களை மலைப்பக்கம் சற்றுச் சாய்த்து அடுக்கியிருப்பார்கள், சாந்து கிடையாது. கல்லுக்குப் பின்னால் சரளை, அதன் மேல் நிரப்பு மண், அதற்கும் மேல் காலால் மிதித்து இறுக்கிய களிமண். உச்சியில்தான் நாற்று நடும் தொளி. களிமண் பானையின் அடிபோல நீரைப் பிடித்து வைக்கும். மீறிக் கசிவது சரளை வழியே இறங்கிக் கல் இடுக்குகளில் வெளியேறிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன்: கல் இடுக்கில் சிமென்ட் பூசாதீர்கள். கசிவு வெளியே போக வழியில்லாமல் பின்னால் தேங்கும், சுவர் வயிறு தள்ளும், அடுத்த புயல் மழையில் மொத்தமாக இறங்கும். விழுகிற சுவர் கீழே உள்ள படிகளையும் மூடிவிடும்.

கேள்வி: அறுவடை முடிந்ததும் வடித்துக் காயப் போடலாமே? நம் ஊரில் கோடை உழவுக்கு அப்படித்தானே விடுகிறோம்.

சமவெளியில் சரி, இங்கே கூடாது. காய்ந்தால் களிமண் தளம் வெடிக்கும். மறுபடி தண்ணீர் விடும்போது அது வெடிப்பு வழியே நேராக நிரப்பு மண்ணுக்குள் இறங்கும். தண்ணீர் இல்லாத வயலில் மண்புழுவும் வரப்பையும் தளத்தையும் துளைத்துக்கொண்டு போகும். இஃபுகாவ் உழவர்கள் பெரிய மண்புழுவைப் பெரும் தொல்லையாகச் சொல்வது இதனால்தான். இங்கே வயல் வருடம் முழுக்கக் குளம்போல நிற்க வேண்டும்.

அறுத்த பின் தாளையும் களையையும் சேற்றோடு வாரித் தண்ணீருக்கு நடுவே திட்டுத் திட்டாகக் குவிப்பார்கள். திட்டின் தலையில் காய்கறி வளரும், உள்ளே தாள் மட்கும். அடுத்த நடவுக்கு முன் திட்டைக் கலைத்துப் பரப்பினால் அதுவே உரம்.

கேள்வி: பூம்பாறைப் பக்கம் பூண்டு போடும் படி நிலம். கல்கட்டு நடுவில் புடைத்திருக்கிறது. கல்லைத் தட்டி உள்ளே தள்ளினால் போதுமா?

போதாது. புடைப்பு தெரிகிற இடம் வேறு, பழுது இருக்கிற இடம் வேறு. புடைத்த அகலத்தைவிட இருபுறமும் சற்று அதிகமாகப் பிரித்து, அசையாத அடிக்கல் வரை இறங்குங்கள். பின்னால் உள்ள சரளையில் மண் அடைத்திருக்கும், அதை மாற்றுங்கள். ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லின் மேல் உட்கார வேண்டும், நீள முனை உள்நோக்கி இருக்க வேண்டும். சுவரில் முளைத்த மரக்கன்றுகளை வேரோடு எடுங்கள். உங்களுடையது தண்ணீர் நிறுத்தாத நிலம், களிமண் தளம் வேண்டாம். சிமென்ட் உங்களுக்கும் கூடாது.

கேள்வி: எந்த நெல்? எப்படி நடுகிறார்கள்?

தினாவோன். 'வருடத்துக்கு ஒருமுறை' என்பதே பெயரின் பொருள். உயரமான தாள், நீண்ட வால் உள்ள கதிர், குளிர் தாங்கும், தூர் குறைவு. நாற்றுவிடுவது ஆண்டுக் கடைசியில், அறுவடை ஜூன், ஜூலை வாக்கில்.

நாற்றங்காலில் உதிர்த்த நெல்லைத் தெளிப்பதில்லை. முழுக் கதிரையே, வாலும் காம்புமாக, சேற்றின் மேல் ஒன்றுக்கருகில் ஒன்றாகப் படுக்க வைப்பார்கள். சில நாளில் கதிரின் நீளத்துக்கு மயிர்க்கோடுபோலப் பச்சை எழும்பும். கலப்புக் கதிர் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். விதைக்கதிரை அறுவடைக்கு முன்பே நிற்கிற பயிரிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள், அது பெரும்பாலும் பெண்கள் வேலை. அறுவடையும் அரிவாளால் அல்ல, சிறு கத்தியால் கதிர் கதிராக. கட்டாகக் கட்டி, உலர்த்தி, கதிரோடே குதிரில் ஏற்றி, வேண்டும்போது குத்திக்கொள்வார்கள். குதிர்த் தூண்களின் தலையில் வட்ட மரத்தட்டு இருக்கும், எலி அதைத் தாண்ட முடியாது.

யூரியா போட்டால் இந்த உயரத் தாள் சாய்ந்துவிடும். தண்ணீரில் சாய்ந்த கதிர் முளைத்துப் போகும்.

கேள்வி: தினாவோன் விதை கிடைக்குமா? ஏற்காட்டில் போட ஆசை.

வெளிநாட்டு விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவரத் தனிமைப்படுத்தல் சோதனையும் தேவை. பையில் போட்டு எடுத்து வராதீர்கள், நோயும் சேர்ந்து வரும்.

கேள்வி: கொல்லிமலைக்கு விதை கிடைக்குமா?

இதற்கு முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 2000 ஆண்டுப் பழமை என்கிறார்களே, உண்மையா?

பேயர் என்ற மானுடவியலாளர் சொன்ன 2000–3000 ஆண்டுக் கணக்கு அது. வெறும் கையால் இவ்வளவு கட்ட அத்தனை காலம் ஆகியிருக்கும் என்ற ஊகம்தான் அடிப்படை. 1962இல் வெளியான நூலில் கீசிங் என்ற மற்றொரு மானுடவியலாளர் இதை மறுத்தார்: ஸ்பானியர் பள்ளத்தாக்குகளைப் பிடித்த பின் மலையேறிய மக்கள் கட்டியவை என்றார். அண்மை அகழாய்வுகள், தொல்லியலாளர் ஸ்டீபன் அகாபாடோ குழுவினுடையவை, கீசிங் பக்கம் நிற்கின்றன. நெல் வயல்கள் பெருகியது சுமார் 400 ஆண்டுகளுக்குள்.

கேள்வி: ஏற்கமாட்டேன். நீங்களே சுவர் விழும், பிரித்துக் கட்ட வேண்டும் என்கிறீர்கள். சுவரில் கிடைத்த கரியின் வயது கடைசிப் பழுதுபார்ப்பின் தேதியைத்தானே காட்டும்?

நல்ல கேள்வி. சுவர் மட்டுமே சாட்சியாக இருந்தால் உங்கள் வாதம் நிற்கும். ஆனால் கியாங்கனில் உள்ள பழைய கிய்யாங்கன் ஊர் சுவர் அல்ல, குடியிருப்பு. அதன் பழைய மண்ணடுக்குகளில் சேம்பின் தடயம் இருக்கிறது, தண்ணீர் நிறுத்தி வளர்க்கும் நெல் பின்னால்தான் வருகிறது. வயலைத் திருப்பிக் கட்டலாம், குடியிருப்பின் குப்பைமேட்டை யாரும் திருப்பிக் கட்டுவதில்லை.

கேள்வி: அப்படியானால் பெருமை குறைந்ததா?

ஏன் குறைய வேண்டும்? சில தலைமுறைகளில் ஒரு மக்கள் கூட்டம் இதைக் கட்டி முடித்திருக்கிறது என்றால் வேலைப்பங்கீடும் நீர்ப்பங்கீடும் எவ்வளவு இறுக்கமாக இருந்திருக்கும் என்று பாருங்கள். ஒரு வட்டாரத்தில் முதலில் நடுவதற்கென்று ஒரு வயல் உண்டு. அதில் நட்ட பிறகே மற்றவர்கள் நடுவார்கள். எல்லா வயலும் ஒரே சமயத்தில் பழுப்பதால் எலியும் பறவையும் ஒருவர் வயலையே தின்று தீர்ப்பதில்லை. நெல் வயல் பெரும்பாலும் மூத்த பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, துண்டாகாமல் போகிறது.

கேள்வி: யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் பனாவே இருக்கிறதுதானே?

1995இல் சேர்த்தவை ஐந்து தொகுதிகள்: படாட், பங்கான், மயோயாவ், ஹுங்டுவான், நகாகடான். பனாவே ஊர்ப் பார்வைமேடையிலிருந்து எல்லோரும் படமெடுக்கும் வயல்கள் அதில் இல்லை. 2001இல் ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் வைத்து 2012இல் எடுத்தார்கள்.

கேள்வி: தங்க நத்தை நாற்றைக் கடித்துவிடுகிறதாமே?

ஆம். உணவுக்காக 1980களில் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட தென்னமெரிக்க நத்தை. இளநாற்றுத்தான் அதற்கு இரை, முற்றிய நாற்றை நடுங்கள். நட்ட பின் தண்ணீரை நத்தை ஓட்டின் உயரத்துக்குக் கீழே வையுங்கள், நத்தையால் நகர முடியாது. குறைக்கச் சொல்கிறேன், காயவிடச் சொல்லவில்லை. தண்ணீர்மட்டத்துக்கு மேலே தாளிலும் கல்லிலும் ஒட்டிய இளஞ்சிவப்பு முட்டைக்கொத்தை வாரம் ஒருமுறை நசுக்குங்கள். மடைவாயில் வலை கட்டுங்கள். வாத்து விடுவதானால் நாற்று வேர்பிடித்த பிறகு.

கேள்வி: மேலே உள்ள காடு யாருடையது?

அந்தக் காட்டுக்கு முயோங் என்று பெயர். குடும்பச் சொத்து. வயலுக்கு நீர் அங்கிருந்துதான். விறகு, மரம், பிரம்பு, பாக்கு எல்லாம் அங்கே. தேர்ந்து வெட்டுவார்கள், மொட்டையடிப்பதில்லை. மொட்டையடித்தால் முதலில் காய்வது உச்சிப் படி, அடுத்து நடப்பதை இரண்டாவது பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வரப்பில் வேறு பயிர் போடலாமா?

சேம்பு போடுகிறார்கள், ஈரம் தாங்கும். சர்க்கரைவள்ளி வேண்டாம், கிழங்கு தோண்டும்போது வரப்பு உடையும். அதற்கு வெட்டியெரித்த சரிவு நிலம் இருக்கிறது.