மலையில் புல், கோபியில் நெல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஊட்டி மலைப் புல்வெளிகளை மீட்க, அங்கே பரவிவிட்ட சீகை (வாட்டில்) மரங்களை அகற்றுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம்.

போன வருடம் மகனைப் பார்க்க கொலராடோ போயிருந்தேன். அங்கே தேசிய வனம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதன் கீழேயே 'பல பயன்களுக்கான நிலம்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். ஒரு பக்கம் மாடு மேய்கிறது, இன்னொரு பக்கம் மரம் வெட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். எல்லாமே அரசாங்க நிலம். கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். நம் ஊரில் காடு என்றாலே 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்ற பலகைதான். சீகையையும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) வெட்டி விற்றால் அரசுக்குக் காசு. மேய்ச்சலுக்கு விட்டால் மலைக்காரர்களுக்குப் பிழைப்பு. மலையேற்றத்துக்கு விட்டால் இளைஞர்களுக்கு வேலை. மூன்றையும் ஒன்றாகச் செய்வதில் என்ன கஷ்டம்? பூட்டி வைப்பதுதான் பாதுகாப்பா?

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருக்கிறது. விவரம் தெரியாமல் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு, கேட்க வேண்டிய கேள்விதான். பூட்டி வைப்பது பாதுகாப்பு இல்லை என்பதில் நானும் உங்களோடுதான் இருக்கிறேன். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிற கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நீங்கள் பார்த்த அந்த வாசகத்துக்கு ஒரு சட்டமே உண்டு. 1960-ல் வந்தது. பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர்ப்பிடிப்பு, காட்டுயிரும் மீனும் என்று ஐந்து பயன்களைப் பெயர் சொல்லி, தேசிய வனங்களை இவை எல்லாவற்றுக்காகவும் நிர்வகிக்க வேண்டும் என்கிறது. அதிகம் பேர் கவனிக்காத ஒரு விஷயமும் அதில் இருக்கிறது. எல்லா நிலத்திலும் எல்லாப் பயனும் இருந்தாக வேண்டியதில்லை, அதிகப் பணம் தரும் கலவையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் இல்லை என்று சட்டமே சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனாலும் அடுத்த பதினைந்து வருடம் அங்கே மரம்தான் ஆட்சி செய்தது. மேற்கு வர்ஜீனியாவின் மோனோங்கஹீலா வனத்தில் மலைச்சரிவுகளை மொட்டையடித்ததை எதிர்த்து மக்கள் வழக்குப் போட்டு, 1975-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகுதான் 1976-ல் ஒவ்வொரு வனத்துக்கும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுத் திட்டம் போட வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. பலகையில் ஐந்து பயன் இருந்தாலும், எதற்கு முதலிடம் என்பதைக் கடைசியில் மக்கள் சண்டை போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் கிஃபோர்ட் பின்ஷோ இளைஞராக இருந்தபோது அவருக்கு வழிகாட்டியவர் டீட்ரிக் பிராண்டிஸ். ஜெர்மன்காரர். 1864-ல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டவர். 1878-ல் பிரிட்டிஷ் அரசு இந்திய வனச் சட்டம் கொண்டுவந்தபோது சென்னை மாகாணம் அதை ஏற்கவில்லை. காட்டில் கிராமத்து மக்களுக்கு உரிமை இருக்கிறது, அதை ஒரு கையெழுத்தில் அழிக்க முடியாது என்று வருவாய் வாரியம் வாதாடியது. வெள்ளைக்கார அதிகாரிகள்தான் இதைச் சொன்னார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம் பிராண்டிஸே சென்னைக்கு வந்தார். 1882-ல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. இன்றைக்கும் நம் மலைகளில் காப்புக்காடு என்று சொல்வதெல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ்தான் நிற்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீலகிரியில் காடு பூட்டிக் கிடந்தது என்று நினைக்காதீர்கள். இருநூறு வருடமாக இந்த மலையை அரசாங்கம் விதவிதமாகப் பயன்படுத்திக்கொண்டேதான் இருக்கிறது. ஊட்டிக்கு விறகு போதாமல், மலைப் பள்ளங்களில் இருக்கும் இயற்கைக் காடுகளான சோலைகள் அழிந்தபோது, 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகையும் வந்தன. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் மலேரியா மருந்துக்காக அரசே சிங்கோனா போட்டது. 1932-ல் பைக்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். அதற்கப்புறம் குந்தா திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று மேல்மலைப் பள்ளத்தாக்குகள் அணைகளாயின. தோல் பதனிட சீகைப் பட்டை, சிறுமுகை செயற்கை இழை ஆலைக்குக் கூழ் மரம் என்று புல்வெளிகளைத் தோட்டமாக்கினார்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த மக்களுக்காக 1968-ல் வனத்துறையே தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் இன்றைய அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீ. அந்த மக்களுக்கு வேலையும் கூரையும் கிடைத்தன என்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. மின்சாரம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் இந்தப் பட்டியலில் வராமல் போனவர்களைப் பாருங்கள். அந்தப் புல்வெளியில் நீலகிரியின் பூர்வகுடிகளான தோடர்கள் எருமை மேய்த்தார்கள். அது அரசின் கணக்கில் ஒரு பயனாக ஏறவே இல்லை. புல்லுக்குக் கணக்கில் 'வெற்று நிலம்' என்றுதான் பெயர். சதுப்பில் முளைக்கிற புல்லை எடுத்துத்தான் தோடர்கள் கோயில் கூரை வேய்கிறார்கள். சதுப்பு வற்றினால் கூரைக்குப் புல் இல்லை. புல் கணக்கில் இல்லாததால், அது செய்துகொண்டிருந்த வேலையும் கணக்கில் வரவில்லை. உங்கள் வயலுக்கு இதில்தான் சம்பந்தம்.

பைக்காரா பக்கம் கிளன்மார்கன் என்று ஓர் இடம். ஊட்டியில் இருக்கும் மத்திய மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டிலும் புல்லும் சோலையும்தான். 1972-ல் ஒன்றில் மட்டும் புல் இருந்த பாதிக்கு மேற்பட்ட இடத்தில் கற்பூர மரம் நட்டார்கள், மற்றதை அப்படியே விட்டார்கள். இரண்டின் ஓடையிலும் வருகிற நீரை வருடக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து வருடத்தில், மரம் நட்ட பக்கம் வருட நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டி, கட்டையிலிருந்து தழைத்ததை மறுபடி வளரவிட்ட இரண்டாம் சுற்றில் இழப்பு இன்னும் கூடியது. மழை நின்ற பிறகும் மண்ணிலிருந்து கசிந்து வருகிற ஊற்று நீரும் குறைந்துபோனது. கோடையில் ஓடையை உயிரோடு வைப்பது அந்த ஊற்று நீர்தான்.

ஏன் அப்படி? மேல்மலைப் புல் உயரம் குறைவு, வேர் ஆழம் போகாது, பனிக்காலத்தில் காய்ந்து ஓய்ந்துவிடும். கீழே இருக்கும் கருமண் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு பள்ளத்துச் சதுப்புக்கு மெல்லமெல்ல விடும். கற்பூர மரம் வருடம் முழுக்கப் பச்சையாக நின்று ஆழத்திலிருந்து இழுக்கும். கிளன்மார்கன் பக்கத்து நீர் மோயாற்றுக்குப் போகிறது. அவலாஞ்சி, எமரால்டு நீர் குந்தா வழியாகப் பவானிக்கு வருகிறது. இரண்டும் பவானிசாகரில் சேர்கின்றன. கொடிவேரி அணையில் தடுத்து உங்கள் தடப்பள்ளி வாய்க்காலில் விடுவதும் இதே நீர்தான். கீழ்பவானி ஆயக்கட்டு மட்டும் 2.07 லட்சம் ஏக்கர். இத்தனை பேருக்கும் மேல்மலைப் புல்தான் முதல் மடை. ஆனால் அதற்கு ஒரு ரூபாய்கூட வரவு எழுதியதில்லை.

அதனால்தான், மேல்மலையில் முதல் இடம் நீருக்கும் புல்லுக்கும் என்று நான் அடித்துச் சொல்கிறேன். மற்ற எதுவும் அதைக் கெடுக்காத அளவுக்குத்தான்.

சரி, அப்படியானால் நீங்கள் சொல்கிறபடி சீகையை வெட்டி விற்றுவிடலாமே? விற்கலாம், வெட்டுவதோடு வேலை முடிந்துவிடும் என்றால். சீகை விதை மண்ணுக்குள் பல பத்து வருடம் உயிரோடு கிடக்கும். மரத்தை எடுத்ததும் வெயில் பட்டு ஆயிரக்கணக்கில் முளைக்கும். தீ பட்டால் இன்னும் மோசம். ஒப்பந்ததாரர் மரத்தை ஏற்றிக்கொண்டு போன இடத்தில் ஐந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், முன்னைவிட நெருக்கமான சீகைப் புதர்தான் நிற்கும். ஆகவே வெட்டுக்கூலியைவிடப் பிற்பாடு கன்று பிடுங்குகிற கூலிதான் பெரிது. மரம் விற்ற காசு கருவூலத்துக்குப் போகாமல் அதே சரிவில் பிடுங்கும் ஆட்களுக்குப் போக வேண்டும். முதுமலையில், வெளியிலிருந்து வந்து காட்டில் பரவிய மஞ்சக்கொன்னை மரத்தை எடுத்துக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். அங்கேயும் அடிக்கட்டை மறுபடி தழைக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் வெற்றி இருக்கிறது.

பழனி மலையில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்கே நாற்பது வருடத்துக்குள் மேல்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டமும் விவசாயமுமாகப் போய்விட்டதை செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சோலைக்கு ஒட்டிய பழைய தோட்டங்களில், பைனுக்கும் சீகைக்கும் அடியில், நிழலில், சோலை மரக்கன்றுகள் தானாக வந்துகொண்டிருக்கின்றன. அதையும் சேர்த்து மொட்டையடித்தால் இரண்டும் கெட்டோம். எங்கே வெட்டுவது, எங்கே கை வைக்காமல் விடுவது என்று சரிவு சரிவாக நடந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். சென்னையிலிருந்து இத்தனை ஹெக்டேர் என்று இலக்கு வைத்தால் அது நடக்காது. விறகை மறந்துவிடக்கூடாது. எங்கள் கோத்தகிரி பக்கம் சீகை விறகு சுமக்கிற பெண்களை இன்றைக்கும் பார்க்கலாம், தேயிலைத் தொழிற்சாலை அடுப்புகளும் விறகைத்தான் தின்கின்றன. ஊரை ஒட்டிய தோட்டங்களை விறகுக்கென்றே வைத்துக்கொள்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

மேய்ச்சல் பற்றி. 2022-ல் உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்ப்பதைத் தடை செய்து, பிறகு அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குக் குறைத்தது. எல்லா மேய்ச்சலையும் ஒரே தட்டில் வைப்பதுதான் இதில் எனக்கு வருத்தம். நூற்றுக்கணக்கில் மாட்டை ஓட்டிவந்து யானைக்கான தீவனத்தை மொட்டையடிப்பது வேறு. தோடர் குடியிருப்பான மந்துக்குப் பக்கத்தில் அவர்கள் எருமை மேய்வது வேறு. பனிக்காலத்தின் தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லுக்குத் தீ வைத்துப் புதுத் தளிர் வரவைப்பது அவர்கள் வழக்கம். அதை நிறுத்தினோம், எருமையும் குறைந்தது, காய்ந்த புல்லுக்கு நடுவே சீகையும் ஸ்காட்ச் புரூம் என்ற வெளிநாட்டுப் புதரும் ஏறிக்கொண்டன.

உங்கள் கொலராடோவுக்குத் தெற்கே நியூ மெக்சிகோவில் தாவோஸ் பூர்வகுடிகளுக்கு நீல ஏரி என்று ஒரு புனித ஏரி உண்டு. 1906-ல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வனத்தில் சேர்த்துவிட்டது. 'பல பயன்' என்ற பெயரில் அங்கே மேய்ச்சலும் முகாமும் வந்தன. அந்த மக்கள் பணம் வேண்டாம், ஏரிதான் வேண்டும் என்று அறுபத்து நான்கு வருடம் போராடி 1970-ல் 48,000 ஏக்கரைத் திரும்ப வாங்கினார்கள். அங்கேயும் முதலில் இருந்தவர்களின் பயன்தான் கடைசியில் எண்ணப்பட்டது. நம்மிடம் 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. தங்கள் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதில் உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 2016 வரை நீதிமன்ற ஆணை குறுக்கே நின்றதால் பட்டா கொடுப்பதே முடங்கிக் கிடந்தது. இப்போது அந்தக் காரணம் இல்லை. வீட்டுமனைக்கும் வயலுக்கும் தனிப் பட்டா கொடுப்பதோடு நிறுத்தாமல், சமூக வன உரிமையைக் கொடுத்தால்தான் தோடரும் குறும்பரும் இருளரும் பளியரும் காட்டைப் பற்றி முடிவெடுக்கிற மேசைக்கு வர முடியும்.

மலையேற்றம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறிப்பிட்ட பாதையில், உள்ளூர் ஆட்களை வழிகாட்டியாக வைத்து, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி நடத்தினால் நல்லதுதான். ஆனால் முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் முளைத்து, 2020-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அந்த வழித்தடம் நிலைநாட்டப்பட்டது. 2024-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வரவே இ-பாஸ் வாங்க வேண்டிய நிலை. வேலை வாய்ப்பு என்று ஆரம்பிப்பது எங்கே போய் முடியும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் பத்து வருடத்துக்கு ஒருமுறை செயல்திட்டம் எழுதுகிறார்கள். எந்தச் சரிவில் என்ன செய்வது என்பதெல்லாம் அதில்தான் முடிவாகிறது. அதை எழுதும்போது படுகர் ஊர்களான ஹட்டிகளில் இருப்பவர்களையும் தோடர் மந்துகளில் இருப்பவர்களையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை, கீழே பாசனம் செய்கிற உங்களையும் கேட்பதில்லை. கொடிவேரி, கீழ்பவானி பாசன சங்கங்கள் தண்ணீர் திறக்கச் சொல்லி ஒவ்வொரு வருடமும் மனுக் கொடுக்கிறீர்கள். அடுத்த முறை அதே கையோடு, நீலகிரிக் கோட்டத்தின் செயல்திட்ட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குந்தா, பைக்காரா நீர்ப்பிடிப்பில் எவ்வளவு நிலம் இன்னும் சீகையும் கற்பூர மரமுமாக இருக்கிறது, அதை மறுபடி புல்லாக்க எத்தனை வருடத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று சங்கத்தின் பெயரில் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இங்கே மலையில் இருக்கிற நாங்கள் கேட்பதும், கீழே லட்சம் ஏக்கர்காரர்கள் கேட்பதும் ஒன்றாகாது.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து