இறக்கிய அம்பாசிடரும் பினியன் கோணமும்

கேள்வி: என்னிடம் இசுசு 1.8 பெட்ரோல் எஞ்சின் கொண்ட அம்பாசிடர் இருக்கிறது. பார்வைக்காகப் பின்பக்கக் கமான் பட்டைகளின் வளைவைக் குறைத்து இரண்டு அங்குலம் இறக்கினேன். அதிலிருந்து 60 கி.மீ. வேகத்தைத் தாண்டி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சீட்டுக்கு அடியில் விர்ரென்று அதிர்கிறது. காலை எடுத்தால் குறைகிறது. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் இரு முனை மூட்டுகளான இரண்டு கிராஸும் புதிது, ஷாஃப்ட்டையும் பேலன்ஸ் செய்தாயிற்று. ஒரு பட்டறையில் ஹவுசிங்குக்கும் (பின் அச்சின் கூடு) கமான் பட்டைக்கும் நடுவே 2 டிகிரி ஆப்பு வைத்தார்கள். அதன்பின் அதிர்வு கூடிவிட்டது. இப்போது எடுத்த அளவு: கியர்பாக்ஸ் 3 டிகிரி, ஷாஃப்ட் 1.5, பினியன் (ஷாஃப்ட்டின் சுழற்சியை ஹவுசிங்குக்குள் வாங்கும் பல்சக்கரம்) 6. மூன்றுமே பின்னோக்கிச் சரிவு.
- வாசகர், காரைக்குடி

பதில்: அளவெடுத்து எழுதியதற்கு நன்றி, தம்பி. அதிர்வு என்றதும் கிராஸை மாற்று, பிறகு பேலன்ஸ் பார் என்று செலவு வைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. உங்களுக்கு வேண்டிய விடை அந்த மூன்று எண்களிலேயே இருக்கிறது.

கிராஸ் ஜாயிண்ட் கோணத்தில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். முன் கிராஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் எதிராகச் செய்து சரிக்கட்ட வேண்டும். இரண்டின் கோணமும் சமமாக இருந்தால்தான் அது நடக்கும்.

உங்கள் வண்டியில் முன் கிராஸின் கோணம் 3-இலிருந்து 1.5 போக 1.5. பின்னால் 6-இலிருந்து 1.5 போக 4.5. வித்தியாசம் 3 டிகிரி. அது 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் கோணத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். மும்மடங்கு கோணம் என்றால் ஏறத்தாழ ஒன்பது மடங்கு குலுக்கல். முன் கிராஸ் அதை எப்படிச் சமாளிக்கும்?

ஆப்பு வைத்த யோசனை சரி, வைத்த திசைதான் தவறு. அதற்கு முன் பினியன் 4 டிகிரியில் இருந்திருக்கிறது. ஆப்பு பினியனின் மூக்கை, அதாவது முன் முனையை, இன்னும் தூக்கி 6 ஆக்கிவிட்டது. அதே ஆப்பை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள், 2 டிகிரிக்கு வந்துவிடும். கியர்பாக்ஸ் 3 இருக்கும்போது பினியன் ஏன் 2 என்று கேட்பீர்கள். கமான் பட்டை வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஹவுசிங் முறுகி பினியனின் மூக்கு மேலே எழும். அந்த எழுச்சிக்காக முன்கூட்டியே ஒரு டிகிரி தாழ்த்தி வைக்கிறோம். ஓட்டத்தில் அது 3-ஐ ஒட்டி வந்தால் இரு கிராஸும் 1.5-இல் ஒத்துப்போகும். மிதித்தால் அதிர்ந்து, காலை எடுத்தால் குறைவதன் காரணமும் இந்த எழுச்சியே.

ஆப்பின் அளவையும் பாருங்கள். 100 மி.மீ. நீளத்தில் 2 டிகிரி என்றால் இரு முனைகளின் தடிமனிலும் 3.5 மி.மீ. வித்தியாசம் இருக்க வேண்டும். இரும்பு ஆப்பாக இருக்கட்டும். கமான் பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை அதன் குழியில் முழுசாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஹவுசிங் நகர்ந்துவிடும், இதில் அலட்சியம் கூடவே கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், ஹவுசிங்கைக் கமான் பட்டையோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.

மாற்றியபின் மறுபடி அளக்கும்போது வண்டியின் எடை சக்கரங்களின்மேல் நிற்க வேண்டும். பாடியில் ஜாக்கி கொடுத்து ஹவுசிங்கைத் தொங்கவிட்டு எடுக்கும் அளவுக்கு மதிப்பே இல்லை. பிட் (வண்டிக்கு அடியில் இறங்கி நிற்கும் பள்ளம்) உள்ள இடம் உத்தமம். தரை சற்றுச் சரிந்திருந்தாலும் பாதகமில்லை, நமக்கு வேண்டியது வித்தியாசம்தான். ஷாஃப்ட்டின் நடுவே ஸ்ப்ளைன் (பல்வரிசையில் செருகும் இணைப்பு) இருந்தால், கழற்றி மாட்டியபோது ஒரு பல் தள்ளி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிராஸைப் பிடிக்கும் கவைகளான இரு முனை யோக்குகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும்.

கேள்வி: கோணமே இல்லாமல் மூன்றையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துவிட்டால் தொல்லை தீராதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தீராது, அம்மா. கிராஸின் கப்புக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் உருள வேண்டுமானால் சிறிதளவு கோணம் தேவை. அரை டிகிரியாவது இருக்கட்டும். கோணமே இல்லாவிட்டால் ஊசிகள் நின்ற இடத்திலேயே அழுந்தி, கிராஸின் காலில் வரிவரியாகப் பள்ளம் விழும்.