எல்க் வேட்டைக்கு எத்தனை பவுண்டு வில்?

கேள்வி: டென்வரில் இருக்கிறேன். வயது 41, உயரம் 5 அடி 6 அங்குலம். நண்பரின் காம்பவுண்ட் (சக்கரம் வைத்த) வில்லில் 60 பவுண்டை அலட்டாமல் இழுத்துவிட்டேன். அடுத்த செப்டம்பரில் எல்க் மான் வேட்டைக்குச் சக்கரம் இல்லாத ரீகர்வ் வில்லோடு போக ஆசை. 60 பவுண்டுக்குக் குறைந்தால் வீண் என்கிறார் கடைக்காரர். கொலராடோ விதியோ 35 போதும் என்கிறது. யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். உங்கள் கையில், உங்கள் இழுப்பில் 45 முதல் 48 பவுண்டு காட்டும் வில் போதும். அதையும் முதல் நாளே வாங்கக் கூடாது.

காம்பவுண்டில் 60 இழுத்ததை மறந்துவிடுங்கள். அதிலுள்ள சக்கரங்கள் இழுப்பின் கடைசியில் பாரத்தில் 80 சதவீதத்தைத் தாங்கிக்கொள்ளும். நீங்கள் பிடித்து நின்றது வெறும் 12 பவுண்டு. ரீகர்வ் நேர் எதிர். இழுக்க இழுக்கக் கனம் ஏறும், தாடைக்கு வந்து குறி பார்க்கும்போதுதான் முழுப் பாரமும் விரலில் இருக்கும். ஊருக்குப் போகும்போது 23 கிலோ பெட்டி தூக்கியிருப்பீர்களே, அது 50 பவுண்டு. அதை மூன்று விரலில் பிடித்துக்கொண்டு, விடியற்காலைக் குளிரில், மான் தலையைத் திருப்பும்வரை அசையாமல் நிற்க வேண்டும்.

நானும் 60 பவுண்டில்தான் தொடங்கினேன். "போகப் போகப் பழகிடும்" என்றார் விற்றவர். எனக்குப் பழகியதெல்லாம் நாண் தாடையைத் தொடும் முன்பே விரல் விட்டுவிடுவதுதான். அதைத் திருத்த இரண்டு வருடம் ஆனது.

அடுத்த பொறி, வில்லில் எழுதியிருக்கும் எண். அது 28 அங்குலம் இழுத்தால் வரும் பாரம். உங்கள் உயரத்துக்கு இழுப்பு 26, 26½ அங்குலம்தான் இருக்கும். ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு, இரண்டரை பவுண்டு போய்விடும். ஆக 50 என்று எழுதிய வில் உங்கள் கையில் 46 சொச்சம். கணக்கு சரிதானே?

அதனால் மேலும் கீழும் வளையும் தண்டுகளை (லிம்ப்) கழற்றி மாட்டும் ரீகர்வாக வாங்குங்கள். முதலில் 35 பவுண்டு லிம்ப் போட்டு ஐந்தாறு மாதம் எய்யுங்கள். தரையில் உட்கார்ந்து, குளிர்கால ஜாக்கெட்டோடு, முழுதாக இழுத்து ஐந்து விநாடி நிறுத்தி, அம்பை விடாமல் மெதுவாகத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா? முடிந்தால் 45, அப்புறம் 50. அடுத்த செப்டம்பருக்குள் அந்த இடத்துக்கு வரவில்லை என்றால் அந்த வருடம் போக வேண்டாம்.

இனி அந்த 35. அது சட்டம் வைத்த அடிமட்டம், அவ்வளவுதான். வேட்டைப் பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அம்பு முனை முக்கால் அங்குலத்தைவிடச் சற்று அகலமாக, 7/8 இருக்க வேண்டும் என்பார்கள். இருபது கஜத்தில் உங்கள் அம்பு எங்கே போய் விழுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். முந்நூறு கிலோ மிருகம் காயத்தோடு காட்டுக்குள் ஓடினால் எந்த விதிப் புத்தகம் பின்னால் ஓடும்?

நான் சொன்ன 45-க்கு ஒரு விலக்கு உண்டு. சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். என்னிடம் வில் பழகிய ஒரு பெண், இழுப்பு 25 அங்குலம், கையில் 42 பவுண்டு. பெண் எல்க் ஒன்றை வீழ்த்தினார். ஆனால் எப்படி? பதினைந்து கஜ தூரம். முழு விலாப்பக்கம் காட்டி நின்றது. அம்பு 520 கிரெய்ன், கிட்டத்தட்ட 34 கிராம். முனை, கை ரோமத்தை மழிக்கும் கூர்மை. அதற்கு முன் அதே வாரம் இரண்டு மான்கள் கொஞ்சம் முன்பக்கம் திரும்பி நின்றன என்பதற்காக வில்லைத் தாழ்த்திவிட்டார். இந்த ஐந்தும் உங்களிடம் இருந்தால் 42 போதும். முதல் நான்கு மட்டும் இருந்தால் போதாது.

வேகமாகப் பறக்கும் என்று சொல்லி 400 கிரெய்ன் அம்பைத் தலையில் கட்டுவார்கள். வாங்காதீர்கள். 46 பவுண்டுக்கு 500, 550 கிரெய்ன் அம்புதான் விலா எலும்பைத் தாண்டி நுரையீரலுக்குள் போகும். பட்டதும் விரியும் முனையும் வேண்டாம்; விரிவதற்கே வலுவைத் தின்றுவிடும். இரண்டு அலகுள்ள அசையா முனை போதும்.

பழைய வில் வாங்கப் போனால் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அம்பை முழுதாக இழுத்து, வில்லின் முன்விளிம்பு படும் இடத்தில் அம்பில் டேப் ஒட்டச் சொல்லுங்கள். பிறகு கொக்கியை நாணில் மாட்டி அந்த டேப் வரும்வரை இழுங்கள். 21 கிலோ காட்டினால் 46 பவுண்டு. இடைத்தரகர்கள் "எழுதியிருக்கே சார்" என்பார்கள். பழைய மர வில்லில் எழுத்து அப்படியே இருக்கும், வலு இறங்கியிருக்கும். அளக்க விடமாட்டேன் என்றால் பணத்தை எடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.