அப்பா ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. பயோடெக் படித்துவிட்டு ஜெர்மனி போய் உகுர் சாஹின் மாதிரி கம்பெனி தொடங்க முடியுமா?

ஆம்பூர், ஷூ கம்பெனி என்ற இரண்டு வார்த்தைகளைப் பார்த்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். எங்க நைனா ராணிப்பேட்டையில் டேனரி வேலைக்குப் போனவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து இழுத்துப் போடுகிற வேலை. நான் பயோடெக்னாலஜியில் எம்.எஸ்சி. முடித்து, இப்போது வேலூரில் ஒரு மாலிக்யூலர் லேபில் இருக்கிறேன். கம்பெனி எதுவும் தொடங்கவில்லை. "அப்புறம் நீ எதுக்குப் பதில் சொல்ற?" என்று யாராவது கேட்பார்கள். நீங்கள் கேட்ட மனிதரின் வாழ்க்கையைப் பல வருடமாக ஊன்றிப் படித்திருக்கிறேன். நீங்கள் நிற்கிற வாசலில் நானும் நின்றிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

நீங்கள் கடைசி வருடத்தில் இருப்பீர்கள், வீட்டில் "பேசாம பி.எட். போட்டுடு" என்று ஆரம்பித்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

உகுர் சாஹின், ஃபைசரோடு சேர்ந்து கொரோனா தடுப்பூசி கொண்டுவந்த ஜெர்மனியின் பயோஎன்டெக் கம்பெனியைத் தொடங்கியவர். அவர் என்றாலே எல்லோரும் 2020-இல் தொடங்குகிறார்கள். கொரோனா, ஃபைசர், தடுப்பூசி, கோடீஸ்வரர். அங்கே தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அவர் 1965-இல் துருக்கியின் இஸ்கெந்தெருன் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். 1961-இல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆலை வேலைக்கு ஆள் எடுத்தது. அப்படிப் போனவர்களில் ஒருவர் அவருடைய அப்பா, கொலோன் நகரத்து ஃபோர்டு கார் ஆலையில் தொழிலாளி. நான்கு வயதில் அம்மாவோடு சாஹினும் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்த நாட்டில் நாலாம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். ஒரு பள்ளி கைத்தொழிலுக்கு, ஒரு பள்ளி பல்கலைக்கழகத்துக்கு. சாஹினை அவருடைய ஆசிரியர் முதல் வகைக்குத்தான் எழுதினார். பக்கத்து வீட்டு ஜெர்மானியர் ஒருவர் தலையிட்டுப் பேசியதால் பையன் மற்ற பள்ளியில் சேர்ந்தான். 1984-இல் அங்கே இறுதித் தேர்வு எழுதி வெளியே வந்தபோது, அந்தப் பள்ளியில் அதை முடித்த முதல் துருக்கித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை அவர்தான்.

இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பத்தாவது ரிசல்ட் வந்து பிளஸ் ஒன் சேர்க்கைக்கு நைனாவோடு போயிருந்தேன். "எத்தினி பேருக்குத்தான் சயின்ஸ் குரூப் குடுக்கறது? தொழிற்பிரிவில் போட்டுடறேன். தையல் கத்துக்கிட்டா ஷூ கம்பெனியில உடனே வேலை, உங்களுக்கும் பாரம் குறையும்" என்றார்கள் அங்கிருந்த மேடம். நைனா "சரிங்க மேடம்" என்று கையெழுத்துப் போடக் குனிந்துவிட்டார். சுண்ணாம்பில் அரித்து அரித்து அவர் நகக்கண்ணெல்லாம் வெடித்திருக்கும், பேனாவைப் பிடிக்கக் கட்டைவிரல் சரியாக மடங்காது. அதனால் கையெழுத்துப் போடவே அவருக்கு நேரமாகும். அந்த நேரத்துக்குள் எங்கள் தெருவிலிருந்த ஸ்டாஃப் நர்ஸ் அக்கா குறுக்கே வந்தார். நைட் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு எங்களுக்குத் துணைக்கு வந்திருந்தார். "மேடம், சயின்ஸ்ல தொண்ணூறுக்கு மேல கீது இந்தப் பொண்ணு. இன்னா ரூல்ல தையலுக்கு அனுப்பறீங்க? அதை எழுத்துல குடுத்துடுங்க, நாங்க போயிடறோம்" என்றார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு பயாலஜி குரூப் கிடைத்தது.

ஆசிரியர்களை நான் திட்டவில்லை. தையல் வேலையைத் தாழ்த்தியும் சொல்லவில்லை. எங்க அத்தையும் பெரியம்மா பெண்ணும் லைனில் உட்கார்ந்து அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துத்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் கதவை, அவள் அப்பாவின் கையைப் பார்த்து ஒருவர் மூடலாம் என்றால் எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் வருகிறது.

சாஹினுக்கு வருகிறேன். கொலோனில் மருத்துவம் படித்து, ஹோம்பர்க் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளைப் பார்த்தவர் அவர். அங்கேதான் ஓஸ்லெம் துரெஜியைச் சந்தித்தார். துரெஜியும் துருக்கிக் குடும்பம்தான், அப்பா அறுவை மருத்துவர். தயவுசெய்து சாஹினை மட்டும் சொல்லி அந்த அம்மாவை விட்டுவிடாதீர்கள், இரண்டு கம்பெனியும் இருவரும் சேர்ந்து கட்டியவை. முதல் கம்பெனி கனிமெட், 2001. சாஹினுக்கு அப்போது முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. வயிற்றுப் புற்றுநோய் செல்லின் மேல் இருக்கும் கிளாடின் 18.2 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி அவர்களுடைய சரக்கு. 2016-இல் ஜப்பானின் அஸ்டெலாஸ் அந்தக் கம்பெனியை வாங்கியது. அந்த மருந்து, ஸோல்பெடுக்ஸிமாப், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது 2024-இல். கம்பெனி தொடங்கி இருபது வருடத்துக்கு மேல்.

இரண்டாவது பயோஎன்டெக், 2008, மைன்ஸ் நகரம். ஹெக்ஸால் என்ற மருந்துக் கம்பெனியை நோவார்டிஸுக்கு விற்ற ஸ்ட்ருங்மன் சகோதரர்கள் 15 கோடி யூரோ போட்டார்கள். 2020 டிசம்பரில் பிரிட்டன் தடுப்பூசிக்கு அனுமதி தரும் வரை, அதாவது பன்னிரண்டு வருடம், அந்தக் கம்பெனிக்கு அனுமதி பெற்ற பொருள் ஒன்றுகூடக் கிடையாது. சம்பளம் போனது, சோதனை நடந்தது, பணம் போட்டவர் பொறுத்துக்கொண்டார். 2020 ஜனவரியில் வூஹான் பற்றிய கட்டுரையைப் படித்ததும் சாஹினால் உடனே எம்ஆர்என்ஏவில் (எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) இறங்க முடிந்தது என்றால், புற்றுநோய்க்காக அதே எம்ஆர்என்ஏவில் அதற்கு முன்பே பல வருடம் உழைத்திருந்ததுதான் காரணம். அந்த வருடம் நாங்கள் இங்கே ராத்திரி பகலாக ஆர்டி-பிசிஆர் ஓட்டிக்கொண்டிருந்தோம். நவம்பரில் அவர்களுடைய முடிவு வந்தபோது லேபில் நாங்கள் கைதட்டினோம். தடுப்பூசியே மோசடி என்று வாதாட வருபவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. பாசிட்டிவ் பட்டியலைத் தயார் செய்த கை இது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை, லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அப்படியே கொட்டிவிட்டுப் போனது. என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் அந்தப் பக்கத்து மண்ணிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து, நச்சான ஆறு வேலன்சி குரோமியத்தை நச்சு குறைந்த மூன்று வேலன்சியாக அது மாற்றுகிறதா என்று பார்ப்பது. கிணற்றுத் தண்ணீர் எலுமிச்சை நிறத்தில் இருக்கும். அந்த நச்சுக் குரோமியத்தைக் காட்டிக்கொடுக்கும் டைஃபினைல்கார்பசைடு இரண்டு சொட்டு விட்டால் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிடும். அந்தத் தண்ணீரை மாடு குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் வளர்த்த பாக்டீரியா கல்ச்சரைச் சேர்த்து வைத்தால் நாளாக ஆக அந்த நிறம் வெளுத்தது. தோல் ஆலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் "மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்" என்று தீர்ப்பு சொன்னது 1996-இல். நம்ம ஊர்ப் பிள்ளைகள் வருடா வருடம் இதே ப்ராஜெக்டைச் செய்து, பைண்டிங் போட்டு, வைவா முடிந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். களத்தில் சின்ன அளவில் செய்து பார்க்க உதவி கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதிலில்லை. பாலாற்றுக் கரையில் பயோடெக் கம்பெனிக்கு வேலை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி ஜெர்மனி. முடியுமா என்றால், முடியும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் ஒரு வருடச் செலவுக்கான பணத்தைக் காட்டச் சொல்கிறார்கள். 2025-இல் அது 11,904 யூரோ, நம் காசில் பத்து லட்சத்துக்கு மேல். வேலூரில் போர்டு வைத்திருக்கிற ஏஜென்ட்டுகள் "ஃப்ரீ எஜுகேஷன்" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், இந்தத் தொகையைக் கடைசியில்தான் சொல்வார்கள். வீட்டை அடமானம் வைக்கும் முன் இதை அப்பாவிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். நம் மார்க் ஷீட், சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் (APS) சான்றிதழுக்கு முதலில் விண்ணப்பியுங்கள், அது இல்லாமல் விசா நகராது. படிப்புகளை ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தளத்தில் நீங்களே தேடலாம், ஏஜென்ட் தேவையில்லை. பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஜெர்மன் மொழியை இங்கிருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

கம்பெனி ஆசையை விடச் சொல்லமாட்டேன், ஆனால் போனவுடனே என்று திட்டம் போடாதீர்கள். முதலில் ஒரு நல்ல லேபில் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில வருடம் உட்காருங்கள்.

உங்கள் மார்க், பாடத்திட்டம், லேபில் கையால் என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்பதை எழுதி அனுப்புங்கள் தம்பி. எந்தப் படிப்புக்குப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன், நோக்கக் கடிதத்தையும் திருத்தித் தருகிறேன். காசெல்லாம் வேண்டாம்.