‘இந்தக் கல்’ யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிறந்த வீடு ஆர்.சி. (கத்தோலிக்கம்), புகுந்த வீடு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்டு). இயேசு பேதுருவிடம் ‘இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்’ என்று சொல்லும் மத்தேயு 16:18 வந்தாலே வாக்குவாதம்தான். “அந்தப் பாறை இராயப்பரேதான் (பேதுருதான்)” என்கிறார் அப்பா. “பேதுரு சிறு கல், பாறை கிறிஸ்து; கிரேக்கத்தில் இரண்டும் வெவ்வேறு சொல்” என்கிறார் மாமா. மூலத்தில் என்னதான் இருக்கிறது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் இருப்பது உண்மை: பேதுருவுக்கு ‘பெத்ரோஸ்’, பாறைக்கு ‘பெத்ரா’. ஆனால் ‘பெத்ரா’ பெண்பால் சொல். ஆணுக்குப் பெயராக வைக்கும்போது விகுதி மாறித்தான் ஆக வேண்டும், ‘பாறை’யிலிருந்து ‘பாறையன்’ என்று பெயர் வைப்பதுபோல. சிறு கல், பெரும்பாறை என்ற வேறுபாடு பழங்கிரேக்கக் கவிதையில் உண்டு. புதிய ஏற்பாட்டுக் காலத்து வழக்கில் அது பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. இயேசு பேசிய அரமேயத்தில் இரண்டு இடத்திலும் ‘கேபா’ என்ற ஒரே சொல்தான் வந்திருக்கும். யோவான் 1:42-ஐத் திறந்து பாருங்கள், அந்தப் பெயர் அங்கேயே இருக்கிறது. ஆகவே மாமாவின் இலக்கண வாதம் பலவீனமானது. புராட்டஸ்டண்டு தரப்பைச் சேர்ந்த லுத்தரன் அறிஞர் ஆஸ்கர் குல்மனே பாறை பேதுருதான் என்று ஏற்றார்.

தமிழில் இந்தச் சொல்விளையாட்டே தெரிவதில்லை. பழைய மொழிபெயர்ப்பில் ‘நீ பேதுருவாய் இருக்கிறாய், இந்தக் கல்லின்மேல்’ என்றும், 1995 பொது மொழிபெயர்ப்பில் ‘உன் பெயர் பேதுரு; இந்தப் பாறையின்மேல்’ என்றும் இருக்கிறது. ‘பேதுரு’ என்றால் நம் காதுக்குக் கல்லும் இல்லை, பாறையும் இல்லை.

அதற்காக அப்பா வென்றுவிட்டார் என்று எண்ண வேண்டாம். பாறை என்பது 16-ஆம் வசனத்தில் பேதுரு அறிக்கையிட்ட விசுவாசம் என்று திருச்சபைத் தந்தை கிறிசோஸ்தோம் விளக்கினார். அவர் 4-ஆம் நூற்றாண்டுக்காரர், புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கு 1,100 ஆண்டுகள் முந்தியவர். இன்னொரு திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் முதலில் பேதுரு என்றார், பிறகு கிறிஸ்து என்றார். முதுமையில் தம் நூல்களை மறுபடி பார்வையிட்டபோது, எது பொருத்தம் என்பதை வாசகரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஆக, ‘எங்கள் விளக்கம்தான் பழமையானது’ என்று எந்தத் தரப்பும் மேசையைத் தட்ட முடியாது.

உண்மையான பிளவு அடுத்த வசனத்தில் இருக்கிறது. 16:19-இல் விண்ணரசின் திறவுகோலும், கட்டவும் அவிழ்க்கவும் அதிகாரமும் ‘நீ’ என்று பேதுரு ஒருவருக்கே தரப்படுகின்றன. 18:18-இல் அதே கட்டுதலும் அவிழ்த்தலும் ‘நீங்கள்’ என்று சீடர் அனைவருக்கும் வருகின்றன (இந்த ‘நீங்கள்’ மரியாதைப் பன்மை அல்ல, பலர் என்ற பன்மை). அதிகாரம் பொதுவானது என்று புராட்டஸ்டண்டுகள் நிற்பது இதில்தான். 18:18-இல் திறவுகோல் என்ற சொல் இல்லையே என்பது கத்தோலிக்க மறுமொழி. ஏசாயா 22:15-22-இல் அரண்மனை அதிகாரி செப்னாவை நீக்கி எலியாக்கீமின் தோளில் தாவீது வீட்டுத் திறவுகோல் வைக்கப்படுகிறது. திறவுகோல் பதவியின் அடையாளம், பதவி கைமாறும் என்று அவர்கள் வாதிடுகிறார்கள்.

பேதுருவோடு அந்தப் பொறுப்பு முடிந்ததா, ரோமை ஆயருக்கு (போப்பாண்டவருக்கு) தொடர்கிறதா என்பதே முடிச்சு. குல்மனும் இங்கேதான் பிரிகிறார்: அடித்தளம் ஒருமுறைதான் போடப்படும் என்பது அவர் வாதம். மத்தேயுவில் வாரிசு பற்றி ஒரு சொல்லும் இல்லை. கத்தோலிக்கர் 2-ஆம் நூற்றாண்டு ஆயர் இரனேயுவின் ரோமை ஆயர் பட்டியலையும் (லீனுவில் தொடங்குவது) திருச்சபை மரபையும் சேர்த்து வாசிக்கிறார்கள். 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் இந்தத் தொடர்ச்சியைக் கோட்பாடாக அறிவித்தது. வேதத்தில் இல்லாததைக் கோட்பாடாக்கலாகாது என்கிறார்கள் புராட்டஸ்டண்டுகள். அடுத்த முறை பேச்சு எழுந்தால் கிரேக்கச் சொல்லை விட்டுவிட்டு ஏசாயா 22-ஐயும் மத்தேயு 18-ஐயும் பக்கத்தில் விரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கலாத்தியர் 2:11-இல் பவுல் பேதுருவை முகத்துக்கு நேராகவே எதிர்த்தாரே, அப்படியானால் தலைமை எங்கே?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அங்கே கண்டிக்கப்பட்டது, புறஇனத்தாரோடு (யூதரல்லாதவரோடு) உண்பதிலிருந்து பேதுரு விலகிய நடத்தை. அதனால் தலைமை இல்லையென்று நிறுவ இந்த வசனம் மட்டும் போதாது. புராட்டஸ்டண்டு வாதத்துக்கு அதைவிட வலுவான இடம் இரண்டு வசனம் முன்னால் இருக்கிறது: 2:9-இல் சபையின் தூண்களாக எண்ணப்பட்டவர்கள் யாக்கோபு, கேபா, யோவான், முதலில் வருவது யாக்கோபு. ஆனால் 1:18-இல் பவுல் எருசலேமுக்குப் போனதே கேபாவைக் காணத்தான், தங்கியது 15 நாள்.