அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கெனத் தனி உதவித்தொகைகள் இருப்பது ஏன்?

உதவித்தொகை என்பது திருப்பிச் செலுத்த வேண்டாத கல்விப் பணம். கல்விக்கடனோ வட்டியோடு திரும்பக் கேட்கும். அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கெனத் தனி நிதிகள் எழுந்ததற்குக் காரணம், 1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னரும் தென்மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை அவர்களைச் சேர்க்க மறுத்ததும், குடும்பங்கள் சொத்துச் சேர்க்கும் வழிகள் அடைபட்டுக் கிடந்ததுமே ஆகும். அவர்களுக்காகத் தோன்றிய தனியார் கல்லூரிகளும் பணமின்றித் தவித்தன. அவற்றுள் ஒன்றான டஸ்கீகி கல்லூரியின் அன்றைய தலைவர் ஃபிரெடரிக் பேட்டர்சன், தனித்தனியே நன்கொடை கேட்டு அலைந்த அக்கல்லூரிகளை ஒன்றுசேர்த்து, 1944இல் ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதியத்தைத் தொடங்கினார் (பெயரிலுள்ள சொல் அக்காலத்தது). திருவிழாவுக்குத் தெருவுக்கொரு வசூல் நடத்தாமல், ஊரே ஒரு நோட்டுப் போட்டு வரி பிரிப்பதைப் போன்ற ஏற்பாடு இது. கூட்டரசு வழங்கும் பெல் உதவித்தொகையும் கறுப்பினத்தவருக்கே உரியது என்று சிலர் எண்ணுகின்றனர். அது குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்துத் தரப்படுகிறதேயன்றி, இனத்தைப் பார்த்தன்று.